முயற்காதும் ஏட்டுச்சுவடியும்

பழம்பொருள் தொகுப்போர் பல திறத்தர். நாணயம் தொகுப்போர் உளர். முத்திரை தொகுப்போர் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, ஒருகாலத்தில் வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேல் நின்ற உள்ளக அன்ரெனாக்களைத் தொகுப்போரும் உளர். இதனைக் கேட்ட மாணவர் ஒருவர், “இதுவும் ஒரு தொண்டா, ஐயா?” என்று நகைத்தார். அந்நகைப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இரு கோல்கள் ஒரு பீடத்தினின்று விரிந்து நிற்றலின், இதனை அந்நாட்டார் ‘முயற்காது’ என்றனர். உவமையாகுபெயர் எனல் தகும். இதனை ஆக்கியவராகப் பெரிதும் குறிக்கப்படுபவர் நியூயோர்க் நகரத்துக் குயீன்ஸ் பகுதியினரான மாவின் மிடில்மார்க், ஆண்டு 1953. அவருடைய தாள்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. ஆயின், இதன் அடிப்படையாகிய இருமுனைக் கோல் மிகப் பழையது. 1880களில் ஹென்றிக் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்ந்தபோதே அதனைக் கையாண்டார்.

கோல்கள் நீளவும் குறுகவும் அமைந்தது ஏன்? ஒவ்வொரு கோலும் அலைநீளத்தின் காற்பங்கு இருத்தல் நன்று. அமெரிக்க இரண்டாம் அலைவரிசைக்கு அது ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர். பதின்மூன்றாம் அலைவரிசைக்கு 35 சென்ரிமீற்றரே. ஆகவே படம் தெளியும்வரை கோலை இழுத்தும் திருப்பியும் பார்த்தனர். அருகில் நிற்பவரின் உடலும் அலையைத் தாக்குமாதலின், கைவிட்டகன்றதும் தெளிந்த படம் மீண்டும் குலைவதும் உண்டு.

வணிகப் போட்டி மிகவே, சுருள், தட்டு, குமிழ் எனப் பல உறுப்புக்கள் பீடத்தில் ஏறின. அவற்றுட் சில தொழிற்படுவன. சில வெறும் அலங்காரம். பொருளையும் அணியையும் பிரித்தறியும் புலமை இங்கும் வேண்டப்படுகின்றது. காலங் காண்டலும் அத்தகையதே. வளையம் உடையதாயின் அது மீயுயர் அலைவரிசைக்கு உரியது. எல்லாப் புதிய பெட்டிகளும் அவ்வலைவரிசைகளையும் ஏற்றல் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது 1962 இல். அதுபற்றி, வளையமுடையவை யாவும் 1962 க்குப் பிற்பட்டவை எனத் துணியலாமோ? ஆகாது. அவ்வலைவரிசைகள் 1952 முதலே வழக்கில் இருந்தன. ஒரு சொல்லை மட்டும் கொண்டு நூலின் காலத்தைத் துணிவார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

பீடத்தின் அடியில் ஒட்டிய தாளும், பெட்டியும், செய்முறைக் குறிப்புமே உறுதியான சான்றுகள். அழகு கருதி அத்தாளைச் சுரண்டுவோரும், பழைய தட்டைக் கம்பியை வெட்டி எறிவோரும் பொருளைக் காத்து வரலாற்றை இழக்கின்றனர்.

அவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. இளமையில் என் பாட்டனாரின் வைத்திய ஏடொன்றைப் பெயர்த்தெழுதினேன். ஈற்றேட்டில் மருந்து எதுவும் இல்லாமையால் அதனைப் புறத்தே ஒதுக்கினேன், அது அழிந்தது. எழுதியவர் பெயரும் ஆண்டும் அதில்தான் இருந்தன என்று தந்தையார் பின்னர்க் கூறியபோது நான் தலைகுனிந்தேன். இன்று அந்நூல் என்னிடம் உண்டு. அதன் பிறப்பை அறியும் வழி இல்லை.

அமெரிக்காவில் 2009 யூன் 12 ஆம் நாள் பேராற்றல் நிலையங்களின் பழைய ஒப்புமை ஒளிபரப்பு முடிவுற்றது. முயற்காதுகள் பயனற்றன எனப் பலர் அவற்றை வீசினர். உண்மை வேறு. எண்முறை ஒளிபரப்பும் வானலையிலேயே வருதலின், உரிய பெட்டியுடன் இணைத்தால் அப்பழங் கோல்கள் இன்றும் அதனை ஏற்கும். வழக்கொழிந்தது எனப்பட்டது, கேட்பாரின்றி இருந்ததேயன்றி ஊமையாகவில்லை.

மாணவர்காள்! ஒரு பழம்பொருள் உங்கள் கைக்கு வருமாயின், துடைக்குமுன் படியுங்கள், எறியுமுன் எழுதிவையுங்கள். நகைத்த அம்மாணவருக்கு யான் கூறும் விடை இதுவே.