வயல் என்னும் வீடு

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஒரத்தநாடு வரும். கல்லணைக் கால்வாய் பாயும் பகுதி இது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934-இல் முடிந்த இந்தக் கால்வாயை மக்கள் இன்றும் 'புது ஆறு' என்றே அழைக்கிறார்கள். மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில், சம்பாப் பயிர் கதிர் வாங்கும்போது, பேருந்தின் சன்னல் வழியாக வெளியே பாருங்கள். பச்சைப் பசேலென்ற வயலின் நடுவே, யாரோ தீ வைத்தாற்போல், ஓரிடம் மட்டும் வட்டமாகக் காய்ந்து பழுப்பேறிக் கிடப்பதைச் சில ஆண்டுகளில் காணலாம். அது தீயினால் வந்ததல்ல. தண்ணீர் இல்லாமல் வந்ததும் அல்ல. பக்கத்தில் இருக்கும் விவசாயியைக் கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவார்: புகையான்!

அந்த வட்டத்தைப் பார்த்து இரண்டு விதமான கேள்விகளைக் கேட்கலாம். இதைச் செய்த உயிர் எது, அதன் உடல் எப்படிப்பட்டது, எதைத் தின்கிறது, எப்படி இனம் பெருக்குகிறது என்பவை ஒரு விதம். இத்தனை நாள் இது எங்கே இருந்தது, இதுவரை இதை அடக்கி வைத்திருந்தது எது, அந்தக் காவல் ஏன் தளர்ந்தது என்பவை இன்னொரு விதம். முதல் வகைக் கேள்விகளை உங்கள் உயிரியல் பாடநூலில் நிறையப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வகையைக் கேட்பது உயிரியலின் ஒரு கிளையான சூழலியல். 1866-இல் ஜெர்மானிய விஞ்ஞானி எர்னஸ்ட் ஹெக்கல் அதற்குப் பெயர் வைத்தபோது, 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார். பொருத்தமான பெயர்தான்! முதல் கேள்வியை மட்டும் கேட்டு இரண்டாவதை மறந்ததால் ஆசிய நாடுகளின் விவசாயிகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். புகையான் என்பது பழுப்பு நிறமுள்ள ஒரு தத்துப்பூச்சி. நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். நெல்மணியை விடச் சிறியது. இலையின் மேல் இதைத் தேடினால் கிடைக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமுமாக இருக்கும் தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய சர்க்கரைச் சாற்றைத் தன் ஊசி போன்ற வாயால் உறிஞ்சிவிடும். நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒரே குத்தில் உறிஞ்சினால் பயிர் காய்ந்துபோகாமல் என்ன செய்யும்?

இதன் இறக்கையில் ஒரு விந்தை உண்டு. ஒரே இனத்தில் நீண்ட இறக்கை உள்ளவையும் குட்டை இறக்கை உள்ளவையும் இருக்கின்றன. நீண்ட இறக்கைக்காரர்கள் பயணிகள். காற்றோடு பறந்து, கடல் கடந்து, சீனாவிலிருந்து ஜப்பான் வரைகூடப் போய்ச் சேருகிறார்கள். குட்டை இறக்கையுள்ள பெண் பூச்சி எங்கும் போவதில்லை. தங்கிய இடத்திலேயே நிறைய முட்டையிடுகிறது. கேடு வட்டமாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டைகளை எங்கே இடுகிறது தெரியுமா? தண்டைச் சுற்றியுள்ள இலையுறையைக் கீறி, அதன் திசுவுக்குள்ளே வரிசையாகச் செருகி வைக்கிறது. இந்தச் சிறு செய்தியை மறந்துவிடாதீர்கள். கதையின் திருப்பமே இங்கேதான் இருக்கிறது.

வட்டத்தைக் கண்டதும் விவசாயி பூச்சிகொல்லி அடிக்கிறார். கண்ணெதிரே பயிர் கருகும்போது வேறு என்ன செய்யத் தோன்றும்? கடன் வாங்கி நட்ட பயிர்! மறுநாள் பார்த்தால் பூச்சிகள் செத்து மிதக்கின்றன. ஆனால் மருந்தைப் பொறுத்து, சில வாரங்களில், முன்பைவிட அதிகமாகப் புகையான் பெருகிவிடுவது உண்டு. மருந்து போலியோ என்றுகூடச் சந்தேகம் வரும். போலி அல்ல, மருந்து தன் வேலையைச் செய்தது. கொல்லக்கூடாததையும் சேர்த்துக் கொன்றது, அவ்வளவே.

அந்த வயலில் புகையான் தனியாகவா வாழ்ந்தது? தூருக்கடியில் ஓநாய்ச் சிலந்தி இருந்தது. இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. தண்ணீரின் மேலேயே ஓடி வேட்டையாடும். முட்டைப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டும் திரியும் தாய்ச் சிலந்தியை நாற்றங்காலில் நீங்களே பார்த்திருக்கலாம். ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னக்கூடியது இது. இன்னொன்று, பச்சை நிறமுள்ள மிரிட் நாவாய்ப்பூச்சி. இலையுறைக்குள் ஒளிந்திருக்கும் முட்டைகளையே தேடிக் குத்தி உறிஞ்சுவது இது. தத்தித் தவறித் தண்ணீரில் விழும் புகையான் குஞ்சுகளைப் பிடிக்க நீர்ப்பரப்பில் ஓடும் சிறு பூச்சிகள் வேறு, மேலே தட்டான்கள். இத்தனை பேரும் வெளியே நடமாடுபவர்கள். பூச்சிகொல்லி பட்டதும் இவர்கள் மாண்டுபோனார்கள். இலையுறைக்குள் இருந்த முட்டைகள் தப்பின. ஏழெட்டு நாட்களில் குஞ்சுகள் வெளிவந்தபோது அவற்றைத் தின்ன வயலில் யாருமில்லை!

இது வெறும் ஊகமா? இந்தோனேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1970-களில் அரசே பூச்சிகொல்லிகளை மலிவு விலையில் கொடுத்தது. ஆனாலும் புகையான் மீண்டும் மீண்டும் நெல்லை அழித்தது. எதிர்ப்புச் சக்தி உள்ள ஐ.ஆர். 26 என்ற நெல் இரகம் 1973-இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னக்கூடிய புகையான் வகை தோன்றிவிட்டது. மருந்துதான் நோயைப் பெருக்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் வயல்களில் எண்ணிக் காட்டினார்கள். 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ, நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிகொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தார். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. ஒரு நாட்டின் அரசு சிலந்தியின் பக்கம் தீர்ப்புச் சொன்ன அபூர்வ நிகழ்ச்சி அது!

ஆனால் உங்களில் கூர்மையானவர்களுக்கு ஒரு கேள்வி எழும். புகையான் பெருகுவது பயிர் வளர்ந்த பிறகு. அதற்கு முன்பே வயலில் சிலந்திகள் இருக்கின்றனவே, அவை அதுவரை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன?

இதற்கு ஜாவாவின் நெல் வயல்களில் விடை கண்டு 1996-இல் வெளியிட்டார்கள். நடவு முடிந்த இளம் வயலின் தண்ணீரில், மக்கும் வைக்கோலையும் தழையையும் தொழுவுரத்தையும் பாக்டீரியங்கள் உண்கின்றன. அவற்றை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அந்த நுண்ணுயிர்களையும் மக்கும் பொருளையும் தின்று, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத சிறு ஈக்களின் புழுக்கள் வளர்கின்றன. நெல்லுக்கு நன்மையும் செய்யாமல் தீமையும் செய்யாமல் இருக்கும் இந்த ஈக்கள்தாம் சிலந்திகளின் முதல் மாத உணவு! அவற்றைத் தின்று பெருகிய சிலந்திகள், புகையான் வந்து இறங்கும்போது தயாராகக் காத்திருக்கின்றன. மாட்டுச் சாணத்துக்கும் புகையானுக்கும் சம்பந்தம் உண்டென்றால் யார் நம்புவார்கள்? நட்ட சில நாட்களிலேயே 'எதற்கும் இருக்கட்டும்' என்று மருந்து அடிப்பது ஏன் தவறாகிறது என்பதும் இப்போது விளங்கும். ஒன்றுக்கும் உதவாத ஈ என்று நாம் நினைப்பதைக் கொன்று, நம் காவலாளியைப் பட்டினி போடுகிறோம்.

பூச்சியின் உடலை அறிவதும் வேண்டாததல்ல. நிழலும் ஈரமும் அதற்குப் பிடிக்கும் என்று தெரிந்ததால்தான், நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் 'பட்டம்' விடச் சொல்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் தூரின் அடிவரை போகும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் சதைப்பற்றாகிப் புகையானுக்கு விருந்தாகும் என்பதும் அப்படித் தெரிந்ததே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எப்போது மருந்து அடிக்கலாம் என்பதற்கான கணக்கு அது. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் 15 தூர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் வரம்பு 15; இருந்தால் 30. ஒற்றைச் சிலந்தியின் மதிப்பு 15 பூச்சிகள்!

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அண்மையில் மருந்து அடித்த வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். உங்கள் வீட்டு வயலிலோ, வயலுக்குரியவரிடம் கேட்டுக்கொண்டோ, வரப்பிலிருந்து உள்ளே தள்ளி பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் சற்றே சாய்த்து அடித்தூரைக் கையால் தட்டுங்கள். தண்ணீரில் விழும் புகையான்களை எண்ணுங்கள். சிலந்திகள் உடனே ஓடிவிடும், ஆகையால் அவற்றை முதலில் எண்ணிவிடுவது நல்லது. தூர்களையும் எண்ணி, தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய் மறுபடியும் எண்ணுங்கள். குட்டை இறக்கைப் பூச்சிகள் கூடியிருந்தால் அதை வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். சிலந்தி எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.