48 கிலோபைட்டில் ஒரு முப்பரிமாண உலகம்

ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா, மாட்டுங்கா வட்டாரத்தில் 1980களில் பிள்ளைகளை வளர்த்த நம்மவர்களில் சிலருக்காவது அந்தச் சின்னக் கறுப்புக் கணிப்பொறி நினைவிருக்கும். ஒரு ஒயர் டெலிவிஷனுக்கும் இன்னொன்று டேப் ரிக்கார்டருக்கும் போகும். ஸ்பெக்ட்ரம் என்று பெயர். இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் அதை 1982-இல் வெளியிட்டது. 1986-இலிருந்து புனேயின் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் இங்கேயே விற்றது. பள்ளிக்கூடங்களுக்கு வந்தது வேறொரு இயந்திரம். மத்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வழங்கப்பட்டன.

இவை இரண்டிலும் முப்பரிமாணப் படம் ஓடியது என்று இன்றைய பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நாம் கணக்கைப் பார்ப்போம்.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192. பெருக்கினால் 49,152. நினைவகம் 48 கிலோபைட்; 1,024-ஆல் பெருக்கினால் அதுவும் 49,152 பைட்! புள்ளிக்கு ஒரு பைட் என்று ஒதுக்கியிருந்தால் திரையே நினைவகம் முழுவதையும் விழுங்கியிருக்கும். அதனால் எட்டுப் புள்ளிகளை ஒரு பைட்டில் அடைத்தார்கள். ஆக 6,144 பைட். வண்ணத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டம் ஒன்றுக்கு ஒரு பைட், மொத்தம் 768. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான். பச்சை மரத்தின் அருகே சிவப்புச் சட்டைக்காரன் வந்தால் மரமும் சிவந்துவிடும்.

படத்துக்கு ஆழம் எப்படி வருகிறது? ரயில்வேக்காரன் ஆகையால் தண்டவாளத்தை வைத்தே சொல்கிறேன். நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் நடைபாலத்தில் நின்று பாருங்கள். 20 மீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரியும் அகலத்தில் பாதிதான் 40 மீட்டரில் தெரியும். 80 மீட்டரில் கால் பங்கு. தொலைவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஸ்பெக்ட்ரத்தின் இசட்-80 சில்லுக்கும் சரி, பி.பி.சி.யின் 6502 சில்லுக்கும் சரி, வகுக்கத் தெரியாது. பெருக்கவும் தெரியாது! கூட்டல், கழித்தல், எண்ணை ஓர் இடம் இப்படியும் அப்படியும் நகர்த்துதல், இவற்றை வைத்தே பெருக்கலை நடத்த வேண்டும். ஒரு கனசதுரத்தைத் திருப்ப எட்டு மூலைகள், மூலைக்கு ஒன்பது பெருக்கல், ஆக 72. வகுத்தல் தனி. சைன் மதிப்பை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் கட்டுப்படியாகாது என்று முன்கூட்டியே அட்டவணையாக நினைவகத்தில் வைத்துவிட்டார்கள். கிளார்க் அட்டவணையைப் புரட்டிப் படித்த நமக்கு இது புதிதல்ல.

வகுக்காமலே தப்பிக்கவும் வழி உண்டு. டிப்ளமோ டிராயிங் வகுப்பில் 30 டிகிரி கோணத்தில் ஐசோமெட்ரிக் படம் போட்டவர்களுக்குத் தெரியும்: அதில் தூரப் பொருள் சிறுக்காது, இணைகோடுகள் இணையாகவே போகும். 1984-இல் வந்த ‘நைட் லோர்’ விளையாட்டு இந்த உத்தியில்தான் ஸ்பெக்ட்ரம் ரசிகர்களை மயக்கியது.

நான் தலைவணங்குவது அதே ஆண்டு செப்டம்பரில் பி.பி.சி. மைக்ரோவுக்கு வந்த ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டுக்கு. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். அவர்களிடம் இருந்தது 32 கிலோபைட். அதிலும் ஒரு பகுதி திரைக்குப் போய்விடும். மிச்சத்தில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். எதையும் எழுதி வைக்கவில்லை. ஆறு பைட் வித்தெண்ணை எடுத்துக்கொண்டு, கிரகத்தின் பெயர், தொழில், கடைச் சரக்கின் விலை எல்லாவற்றையும் கூட்டல் கணக்கால் அப்போதைக்கப்போது வரவழைத்தார்கள்.

கப்பல்கள் வெறும் கோட்டுச் சட்டங்கள். ஆனால் மறைந்த கோடுகள் தெரியாது. ஒரு மிட்டாய்ப் பெட்டியை எப்படித் திருப்பினாலும் ஒரே சமயத்தில் மூன்று முகங்களுக்கு மேல் தெரியாதல்லவா? எந்த முகம் நம்மைப் பார்க்கிறது என்று கணக்கிட்டு, அதன் கோடுகளை மட்டும் போட்டார்கள். குழிவில்லாத வடிவத்துக்குத்தான் இது செல்லும். கைப்பிடி வைத்த கூஜாவுக்குச் சரிவராது. ஆகவே கப்பல்களைப் பெரும்பாலும் குழிவில்லாமலே வடிவமைத்தார்கள். அழிப்பது அதைவிட அழகு. கோடு விழும் இடத்தில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அதே கோட்டை இரண்டாம் முறை போட்டால் பழையபடி ஆகிவிடும். திரை முழுவதையும் துடைக்க வேண்டியதில்லை.

நிரப்பிய பரப்புகளோடு 1987-இல் ‘டிரில்லர்’ வந்தது. ஒரு காட்சி மாறச் சுமார் ஒரு விநாடி ஆகும். பொறுமைசாலிகளுக்கான விளையாட்டு.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. ஆண்டாப் ஹில்லில் என் நண்பர் ஒருவர் வீடு மாற்றும்போது பழைய கேசட்டுகளை ரத்திவாலாவிடம் போட்டுவிட்டார். பரணில் தப்பியது ஒன்றுதான். ஒரு பக்கம் சினிமாப் பாட்டு, மறுபக்கம் கிறீச்சென்ற ஓசை. அந்த ஓசைதான் அவர் மகன் பதினைந்து வயதில் எழுதிய புரோகிராம். கேசட்டை ஓட்டி, ஓசையைக் கணிப்பொறியில் பதிந்து, ‘ஃபியூஸ்’ என்ற பாவனை மென்பொருளில் ஏற்றினோம். மூன்றாம் முயற்சியில் வந்தது: கோடுகளால் ஆன ஒரு ரயில் பெட்டி, பொத்தானைத் தட்டினால் மெதுவாகத் திரும்புகிறது. நண்பர் வெகுநேரம் பேசவில்லை. மகன் இப்போது அமெரிக்காவில். அனுப்பிவைத்தோம். “என் பெண்ணிடம் காட்டினேன். ஏன் இவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று கேட்கிறாள்” என்று பதில் வந்தது.

உங்கள் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால் ரத்திவாலாவைக் கூப்பிடுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். பம்பாய் ஈரத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கலாம். அப்படியே ஓட்டாதீர்கள், முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓசையைப் பதிய ஸ்பெக்ட்ரமே தேவையில்லை, நல்ல கேசட் பிளேயர் போதும். இயந்திரத்தையும் இயக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் அடாப்டரில் கவனம் வேண்டும். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். லாமிங்டன் ரோடில் வாங்கினாலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.