ஒரு போன், மூன்று பிள்ளைகள்

“வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்புல வந்துடும்க்கா. ஆனா போன் அப்பாவோட கிரஷருக்குப் போயிடும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வரும். அப்புறம் நாங்க மூணு பேரும் பாக்கணும்.”

சாலவாக்கத்தை ஒட்டிய காலனி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி சொன்னது இது. தந்தைக்குக் கல் உடைக்கும் வேலை, தாய்க்கு நூறு நாள் வேலை. வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். ரீசார்ஜ் தீர்ந்துபோனால் அடுத்த கூலி கைக்கு வரவேண்டும். “டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்றேன். “எல்லாரும் முடிச்சிட்டு வராங்க. நான் மட்டும் எப்படிச் சொல்றது?” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இணையவழிக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை அதிகம் தேவைப்படுவதே இந்தப் பிள்ளைகளுக்குத்தான். டியூஷனுக்குப் பணம் இல்லை. பாடம் சொல்லித்தர வீட்டில் படித்தவர் இல்லை. இதயம் எப்படி இயங்குகிறது என்பதைக் காணொளியில் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்தால் கரும்பலகைப் படத்தைவிடத் தெளிவாகப் புரியும். 2017இல் தொடங்கிய திக்‌ஷா தளம், நம் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீடு, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023இல் வந்த மணற்கேணி செயலி, பள்ளிகளில் ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை என எல்லாமே மக்கள் வரிப்பணத்தில் வந்தவை. எல்லாப் பிள்ளைக்கும் சொந்தமானவை.

சிக்கல் தொடங்குவது பள்ளி மணி அடித்த பிறகுதான். வகுப்பறைத் திரையில் எல்லோரும் ஒரே பாடத்தைப் பார்க்கிறார்கள். அதே பாடம் வீட்டுக்கு வேலையாகப் போகும்போது, போன் உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரிந்துவிடுகிறது.

கொரோனா காலம் இதை அம்பலப்படுத்தியது. பள்ளிகள் மூடிக்கிடந்த 2021 ஆகஸ்டில், பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 100க்கு 4 பேர். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 பேர். வறுமை இரு தரப்புக்கும் உண்டு. ஆனாலும் இவ்வளவு இடைவெளி.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலையில் பெயர் எழுத என்ன தகுதி கேட்டார்கள் என்பதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. இவை மூன்றும் சேரிக்கு மறுக்கப்பட்டிருந்தன. யார் பெயரையும் சொல்லி விலக்கவில்லை. தகுதிப் பட்டியலே விலக்கிவிட்டது. இன்று ஒரு பாடத்தைப் படிக்க ஸ்மார்ட்போன், டேட்டா, சிக்னல் மூன்றும் வேண்டும் என்றால் அதுவும் ஒரு தகுதிப் பட்டியல்தான்.

இணையம் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் கேட்டுப் பெற வேண்டும். நாம் கேட்கக்கூடியவை இவை:

போன் இருந்தால்தான் முடிக்க முடியும் என்ற வீட்டுப்பாடம் வேண்டாம். காணொளியை வகுப்பிலேயே காட்டட்டும். வீட்டு வேலை நோட்டில் இருக்கட்டும்.

திக்‌ஷா பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். இதைப் பள்ளியில் செய்து வைக்கலாம்.

ஹைடெக் லேபை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவைக்க வேண்டும். அங்கே கணினி முன்னால் அமரும் முறை எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும். சிலர் இயக்க, சிலர் பின்னால் நின்று பார்ப்பதாக இருக்கக் கூடாது.

ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் காலனிக்குப் பக்கத்து நூலகங்களிலும் இணைய இணைப்பும் கணினியும் வேண்டும்.

இவற்றைப் பேச இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நம் தாய்மார்கள் நின்றுவிடக் கூடாது. கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வைக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குரூப்பில் நீல டிக் விழாத வீடு எது என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்று நான் கிளம்பும்போது அந்த மாணவி என் போனைக் கேட்டாள். பாடநூலை விரித்து, கியூஆர் குறியீட்டின் மேல் பிடித்தாள். தம்பியும் தங்கையும் இருபுறமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. முடிந்ததும், “இவ்ளோதானாக்கா?” என்றாள். அந்தப் பாடம் அவளுக்குக் கடினமாகவே இருந்ததில்லை. பார்க்கத்தான் கிடைக்கவில்லை.