கிரீஸில் 'நே' என்றால் 'ஆமாம்'! அவசரத்துக்குக் கைகொடுக்கும் கிரேக்க வார்த்தைகள்

கிரீஸ் டூர் போறீங்களா? ஏதென்ஸ், சாண்டோரினி மாதிரி இடங்களில் ஹோட்டல், கடை எல்லாம் ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடலாம். ஆனால் சின்னத் தீவு ஒன்றில் நள்ளிரவு நெஞ்சு வலி வந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்துக்கு இலக்கணம் வேண்டாம், சில வார்த்தைகள் போதும்.

'ஆமாம்', 'இல்லை' குழப்பம்

'நே' என்றால் ஆமாம். 'ஓஹி' என்றால் இல்லை. நம் காதுக்கு 'நே' என்பது 'நோ' மாதிரியும், 'ஓஹி' என்பது 'ஓகே' மாதிரியும் கேட்கும். சிக்கலே இங்குதான். "மருந்து அலர்ஜி இருக்கா?" என்று டாக்டர் கேட்க, அலர்ஜி உள்ளவர் 'ஓகே, ஓகே' என்றால், அது 'இல்லை' என்று அவர் காதில் விழலாம்.

சைகையிலும் கவனம் தேவை. தலையைப் பின்னால் சாய்த்து 'ச்சு' கொட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். நம்ம ஊர் 'ச்சு' மாதிரிதான். ஆனால் விரல்களை விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராகக் காட்டாதீங்க. அங்கே அது திட்டுவதற்குச் சமம்.

எந்த எண்ணுக்கு அழைப்பது?

- எல்லா அவசரத்துக்கும்: 112
- போலீஸ்: 100
- ஆம்புலன்ஸ்: 166
- தீயணைப்பு: 199
- சுற்றுலா போலீஸ்: 1571

பழக்க தோஷத்தில் 108-ஐ அழுத்திவிடாதீங்க. கிரீஸில் அது கடலோரக் காவல்படை எண்.

இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க

நெடில் எழுத்து வரும் இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

- காப்பாத்துங்க: வொஈதிய
- டாக்டர் வேணும்: ஹ்ரியாஸொமெ யத்ரோ
- ஆம்புலன்ஸ்: அஸ்தெனொஃபோரொ
- மருத்துவமனை: நொஸொகொமீயொ
- மருந்துக் கடை: ஃபர்மகீயொ
- இங்கே வலிக்குது: பொனாவொ எதோ
- போலீஸ்: அஸ்தினொமீய
- திருடிட்டாங்க: மெ ஏக்லெப்ஸன்
- பாஸ்போர்ட் தொலைஞ்சிடுச்சு: ஏஹஸ தொ தியவதீரியோ மு
- ஆங்கிலம் பேசுவீங்களா: மிலாதெ அங்லிகா
- தீ: ஃபொத்யா

'எதோ' என்றால் இங்கே. நம்ம 'அதோ' போலவே உச்சரிக்கலாம். வலிக்கும் இடத்தைத் தொட்டு 'எதோ' என்றாலே டாக்டருக்குப் புரிந்துவிடும்.

பெனிசிலின் அலர்ஜி இருந்தால், ஆண்கள் 'ஈமெ அலெர்யிகோஸ் ஸ்தின் பெனிகிலீனி' என்றும், பெண்கள் 'அலெர்யிகோஸ்' என்ற இடத்தில் 'அலெர்யிகீ' என்றும் சொல்ல வேண்டும். இதை கிரேக்க எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மயங்கி விழுந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

போன் அலறினால்...

கிரீஸில் கோடைக்காலம் காட்டுத்தீ காலமும்கூட. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவியபோது, சுற்றுலா வந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். இப்படி ஆபத்து வரும்போது அந்தப் பகுதியில் உள்ள போன்களுக்கு 112 எச்சரிக்கை பலத்த சத்தத்தோடு வரும். கிரேக்கத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும் இருக்கும். ஸ்பேம் என்று தள்ளிவிடாமல், எந்தப் பக்கம் போகச் சொல்கிறது என்று படித்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால்?

முதலில் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். பிறகு ஏதென்ஸில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள்.

கிரீஸில் இறங்கிய பிறகு நெட் கிடைக்காமல் போகலாம். அதனால் விமானம் ஏறும் முன்பே இந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.