விமான நிலையச் சோதனை: அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

போர்க்காலச் சோதனைச் சாவடிகளை அனுபவித்த எமது மக்களுக்கு, விமான நிலையச் சோதனை என்றதும் மனம் பதறுவது இயல்பே. காணியையும் தொழிலையும் இழந்த குடும்பங்களிலிருந்து பலர் வேலை தேடி வெளிநாடு செல்கிறார்கள். முதன்முறையாகக் கட்டுநாயக்காவுக்குச் செல்பவர், அங்கு என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று முன்பே அறிந்திருந்தால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பாக அங்கே இருக்க வேண்டும். பொதிகளை ஏற்கும் கருமபீடத்தைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே மூடிவிடுவார்கள். கடவுச்சீட்டிலும் பயணச்சீட்டிலும் பெயர் ஒரே எழுத்துக்களில் உள்ளதா என வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய பொதியை நிறுத்து, அடையாளப் பட்டி கட்டி அனுப்புவார்கள். அதற்குத் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பொதி தவறினால் அதுவே அத்தாட்சி. ஆசன இலக்கம் குறித்த 'போர்டிங் பாஸ்' அட்டையும் அங்கேயே கிடைக்கும். தொழிலுக்குச் செல்வோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்த சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

கைப்பையில் கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி வேண்டாம். 2006 ஓகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்று இலண்டனில் அகப்பட்டது. அதன் பின்னரே 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைக் கையில் கொண்டுசெல்லக் கூடாது என்ற விதி வந்தது. நல்லெண்ணெய், ஊறுகாய் போன்றவற்றைப் பெரிய பொதியில் வையுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் 'பவர் பாங்க்' மட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். அதன் பற்றரி தீப்பற்றினால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம்; பொதியறையில் அது முடியாது.

எக்ஸ்றே இயந்திரத்தில் உலோகம் நீலமாகவும், உணவு போன்ற பொருட்கள் செம்மஞ்சளாகவும் தெரியும். வெடிமருந்துகளில் பலவும் செம்மஞ்சளாகவே தெரிவதால், இறுகக் கட்டிய ஒடியல் மாவையோ மிளகாய்த்தூளையோ கண்டால் அதிகாரி பிரிக்கச் சொல்வார். இது உங்கள் மீதான சந்தேகமன்று.

ஆட்கள் கடக்கும் வாயில் உலோகத்தை மட்டுமே அறியும். உடலில் ஷெல் துண்டு தங்கியிருப்பவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் அது ஒலித்ததும் அஞ்ச வேண்டியதில்லை. முன்கூட்டியே அதிகாரியிடம் சொல்லுங்கள். வைத்தியரின் கடிதம் இருந்தால் காட்டுங்கள். மறைவான இடத்தில் சோதிக்கும்படி கேட்கலாம். பெண்களைப் பெண் அதிகாரியே சோதிக்க வேண்டும்.

உண்மையாக அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு: பிறர் தரும் பொதி. 1986 ஏப்ரல் 17ஆம் திகதி இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், இஸ்ரேல் செல்லும் விமானத்தில் ஏறக் கருவுற்றிருந்த அயர்லாந்துப் பெண்ணொருவர் வந்தார். அவர் ஹோட்டலொன்றில் வேலை செய்தவர். அவரை மணப்பதாகச் சொன்ன நெசார் ஹின்டாவி என்பவர் ஒரு பையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பாதுகாப்பு அதிகாரிகள் விசாரித்துப் பையைச் சோதித்தபோது, அதன் அடித்தட்டில் வெடிமருந்து இருந்தது. அப்பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஹின்டாவிக்கு 45 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அன்று அந்த விசாரணை நடந்திராவிட்டால் அப்பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் உடன் பயணித்தோரும் மாண்டிருப்பார்கள்.

"பொதியை நீங்களா கட்டினீர்கள்? யாராவது ஏதேனும் தந்தார்களா?" என்று கேட்பது இதற்காகவே. வெடிமருந்தைப் போலவே போதைப்பொருளையும் அப்பாவிகளின் கையில் கொடுத்தனுப்புவோர் உண்டு. சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அதைக் கடத்துவதற்கு மரண தண்டனையும் உண்டு. "எனக்குத் தெரியாது" என்று பின்னர் சொல்வது உங்களைக் காப்பாற்றாமற் போகலாம்.

ஆகவே, பொதியை நீங்களே கட்டுங்கள். வேலை பிடித்துத் தந்த முகவரோ, ஊரவரோ, உறவினரோ ஒட்டிய பொதியைத் தந்தால், அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள். பிரிக்க மறுத்தால் வாங்காதீர்கள். முகதாட்சண்ணியம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இதனைப் படித்துக் காட்டுங்கள்.