அப்பா பேர் இருக்கு, அம்மா பேர் எங்கே? ஷோ ஜம்பிங் குதிரையின் வம்சாவளியைப் படிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு குதிரைக் குடும்பத்தோட கதை. ஒலிம்பிக்ஸ்ல ஷோ ஜம்பிங் பார்த்திருப்பீங்க. மைதானம் முழுக்க கலர் கலரா உயரமான தடைகள். ஒரு கட்டை கீழே விழுந்தா 4 பெனால்டி.

இந்தக் குதிரைகளோட குட்டிகள் ஐரோப்பாவுல ஏலத்துக்கு வரும். அந்தக் குட்டி இன்னும் ஒரு தடையைக்கூடத் தாண்டியிருக்காது. அப்போ வாங்குறவங்க எதைப் பார்த்துப் பணம் போடுறாங்க? பெடிகிரியைத்தான், அதாவது வம்சாவளியை. ஏலப் பட்டியல்ல அதை ஒரே வரியில சுருக்கிப் போடுவாங்க. உதாரணத்துக்கு, கோம் இல் ஃபோன்னு ஒரு ஜெர்மன் குதிரை. அதோட வரி இப்படி இருக்கும்:

கார்னெட் ஒபொலென்ஸ்கி × ராமிரோ.

முதல் பேர் அப்பா. பெருக்கல் குறிக்கு அப்புறம் வர்றது அம்மான்னுதானே நினைப்பீங்க? இல்லை. ராமிரோ, அம்மாவோட அப்பா. அம்மா பேர் அந்த வரியில இல்லவே இல்லை. அப்படிக் காணாமப் போன அம்மா யார் தெரியுமா? ஷோ ஜம்பிங் வரலாற்றுல மிகப் பெரிய பெட்டைக் குதிரைகள்ல ஒண்ணான ரட்டினா இசட்.

ரட்டினா யாரு?

1982-ல பிறந்தவ. பெல்ஜியத்தில் லானாகன் ஊர்ல இருக்கிற சாங்கர்ஸ்ஹைடே பண்ணையில, லியோன் மெல்கியோர் என்பவர் உருவாக்கிய வம்சம். அந்தப் பண்ணைக் குதிரைகளோட பேருக்குப் பின்னாடி வர்ற 'இசட்' அந்தப் பண்ணையைத்தான் குறிக்குது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல நெதர்லாந்தின் பீட் ரேமேக்கர்ஸ் ரட்டினாவை ஓட்டினார். அணிக்குத் தங்கம், தனிநபர் பிரிவுல வெள்ளி. அன்னைக்குத் தனிநபர் தங்கம் ஜெயிச்சது ஜெர்மனியின் லுட்கர் பேர்பாவும், அவரோட கிளாசிக் டச்சும். வேடிக்கை என்னன்னா, அதுக்கப்புறம் ரட்டினா மேல ஏறினது அதே பேர்பாவும்தான். 1993-ல உலகக் கோப்பை, 1996 அட்லாண்டாவுல அணித் தங்கம், 1997-ல ஐரோப்பிய சாம்பியன் பட்டம். கோம் இல் ஃபோ பிறந்தது 2005-ல. அப்போ ரட்டினாவுக்கு 23 வயசு. அவனும் மார்குஸ் ஏனிங்கோட பெரிய போட்டிகள்ல தாண்டினான்.

இப்போ ரட்டினாவோட காகிதத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். அப்பா ராமிரோ, 1965-ல பிறந்த ஹோல்ஸ்டைன் இனம். வட ஜெர்மனியில வண்டிக்கும் வயலுக்கும் வளர்த்த கனமான குதிரைகள் அவை. போருக்கு அப்புறம் டிராக்டர் வந்ததும் அந்த வேலை போச்சு. பிழைக்கணும்னா அவை விளையாட்டுக் குதிரையா மாறணும். அதுக்காக வேகமும் லேசான உடம்பும் உள்ள ரத்தத்தைக் கலந்தாங்க. ராமிரோவோட தாய்வழித் தாத்தா காட்டேஜ் சன், தரோபிரெட். ரேஸ்ல ஓடுற குதிரை இருக்குல்ல, அதே இனம். தந்தைவழித் தாத்தா ராம்செஸ், 1937-ல போலந்துல பிறந்தது, அரபு ரத்தம் கலந்தது.

அம்மா அர்ஜென்டினா இசட். அவளோட அப்பா அல்மே, 1966-ல பிறந்த பிரெஞ்சுக் குதிரை. ரோட்ரிகோ பெசோவாவுக்கு 1998, 1999, 2000-ன்னு தொடர்ந்து மூணு உலகக் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்த பலூபே டு ரூயே இருக்கானே, அவனும் அல்மேவோட பேரன்தான். ஆக, ரட்டினாங்கிறது ஜெர்மன் பலமும் பிரெஞ்சு துள்ளலும் சேர்ந்த கூட்டு.

அம்மா பேரை ஏன் விடுறாங்க?

இது உயிரியல் இல்லை, எண்ணிக்கைக் கணக்கு. செயற்கைக் கருவூட்டல் மூலமா ஒரு பொலிகுதிரைக்கு ஒரே வருஷத்துல நூத்துக்கணக்கான குட்டிகள் பிறக்கலாம். பெட்டைக்குக் கர்ப்பகாலம் 11 மாசம். இயற்கையா வருஷத்துக்கு ஒரு குட்டி, அவ்வளவுதான். அதனால வாங்குறவங்களுக்குப் பழக்கமான பேர் எப்பவும் ஆணோட பேர். சந்தைக்குத் தெரிஞ்ச பேரைத்தான் சந்தை எழுதும்.

ஆனா குட்டிக்குள்ள போறது என்ன? மரபணுவுல பாதி அப்பா, பாதி அம்மா. அதுக்கு மேல, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏ அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அப்புறம் கருப்பை. 1938-ல இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ல வால்டன், ஹேமண்ட்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு இன்னைக்கும் பிரபலம். பிரமாண்டமான ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லண்ட் இனத்தையும் கலந்தாங்க. ரெண்டு பக்கமும் கலப்பு ஒண்ணுதான், ஆனா ஷயர் அம்மா வயித்துல வளர்ந்த குட்டி ரொம்பப் பெருசு, ஷெட்லண்ட் அம்மா வயித்துல வளர்ந்தது சின்னது. சுமக்கிற உடம்புக்கும் ஒரு பங்கு இருக்குன்னு அர்த்தம்.

அனுபவமுள்ள பிரீடர்களுக்கு இது தெரியும். அவங்க வம்சாவளி அட்டவணையில முதல்ல பார்க்கிறது கடைசி வரிசையை. அப்பா மேல, அம்மா கீழேன்னு எழுதுறதால, அம்மா, அம்மாவோட அம்மா, அவளோட அம்மான்னு தாய்வழி அட்டவணையோட அடியிலேயே ஓடும். ஹோல்ஸ்டைன்ல ஒவ்வொரு தாய்வழிக் குடும்பத்துக்கும் ஒரு எண்ணே கொடுத்திருக்காங்க. அதுக்குப் பேர் 'ஷ்டாம்'. அப்பா பேரை விட அந்த எண்ணைக் கேட்டு விசாரிக்கிறவங்க அங்க உண்டு.

அப்போ காகிதம் நல்லா இருந்தா போதுமா?

இங்கதான் ஹல்லா வர்றா. 1945-ல ஜெர்மனியில பிறந்தவ. அப்பா ஓபெர்ஸ்ட், வண்டிப் பந்தயத்துக்கான டிராட்டர் இனம். அம்மா ஹெலேனே, போர்க்காலத்துல பிரான்ஸ்ல இருந்து வந்தவ, அவளோட முன்னோர் யாருன்னே தெரியாது. இந்தக் காகிதத்தை வெச்சு இன்னைக்கு யாரும் ஏலம் கேட்க மாட்டாங்க. ஆனா ஹன்ஸ் கியூந்தர் விங்க்லரோட 1954, 1955-ல உலக சாம்பியன். 1956 ஒலிம்பிக்ஸ் குதிரைப் போட்டி ஸ்டாக்ஹோம்ல நடந்தப்போ, முதல் சுற்றுல விங்க்லருக்குத் தொடை இடுக்குல தசை கிழிஞ்சது. ரெண்டாவது சுற்றுல வலியால அவரால சரியா வழிநடத்த முடியல. ஹல்லா ஒரு கட்டையைக்கூடத் தட்டாம அவரைச் சுமந்து முடிச்சா. தனிநபர் தங்கம், அணித் தங்கம் ரெண்டும் வந்துச்சு.

ஓய்வுக்குப் பிறகு ஹல்லாவுக்கு 8 குட்டிகள். ஒண்ணுகூட அவ அளவுக்கு வரல.

ரட்டினா, ஹல்லா ரெண்டு கதையை மட்டும் வெச்சு விதி எழுத முடியாது. ஆனா ஒண்ணு புரியுது. ஒவ்வொரு குட்டியும் சீட்டுக்கட்டைப் புதுசாக் குலுக்கிப் போட்ட மாதிரி. நல்ல சீட்டு நிறைய உள்ள கட்டுல நல்ல கை வர வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் கிடையாது. சாதாரணக் கட்டுல இருந்தும் ஒரு அற்புதமான கை வரலாம், ஆனா அது திரும்ப வர்றது கஷ்டம். வம்சாவளி சொல்றது வாய்ப்பை மட்டும்தான்.

புதுசாக் காணாமப் போற அம்மா

இப்போ நிலைமை மாறிடுச்சு. கருமாற்று முறையில, பெட்டை கருத்தரிச்சு ஏழெட்டு நாள்ல கருவை வெளியே எடுத்து, வேற ஒரு பெட்டையோட கருப்பையில வைக்கிறாங்க. கரு கொடுத்த அம்மா போட்டியைத் தொடரலாம். ஒரே வருஷத்துல பல குட்டிகளும் கிடைக்கும். கடைசியா அம்மா பேருக்கும் சந்தையில மதிப்பு வந்தாச்சு.

ஆனா இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். முதல்ல, "இவளுக்கு மூணு சாம்பியன் குட்டிகள்"னு பட்டியல்ல போட்டிருந்தா, மொத்தம் எத்தனை குட்டின்னு கேளுங்க. அஞ்சுல மூணும் முப்பதுல மூணும் ஒண்ணு இல்லை. பட்டியல் ஜெயிச்சவங்களை மட்டும்தான் சொல்லும்.

ரெண்டாவது, 11 மாசம் சுமந்து, பால் கொடுத்து, குட்டிக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுக்கிறது அந்த வாடகைத் தாய்தான். வம்சாவளி அட்டவணையில அவளுக்கு இடமே இல்லை. மேல் வரியில இருந்து கீழ் வரி வரைக்கும் தேடினாலும் அவ பேர் கிடைக்காது. கேம்பிரிட்ஜ் ஆய்வை நினைச்சுப் பாருங்க: அந்த உடம்பும் குட்டியோட கதையில ஒரு பகுதிதான்.

அடுத்த தடவை ஒரு சாம்பியன் குதிரை பேரைக் கேட்டா, அதோட அப்பா யாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க கேளுங்க: அம்மா யாரு? அவளுக்கு மொத்தம் எத்தனை குட்டி? இதை வயித்துல சுமந்தது யாரு?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.