147,573,952,589,676,412,927: ஓர் எண்ணும் அறிவின் ஆக்கமும்

இரண்டின் அறுபத்தேழாம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது 147,573,952,589,676,412,927 எனும் இருபத்தோர் இலக்க எண். துவித முறையில் எழுதின், அது அறுபத்தேழு ஒன்றுகளின் வரிசையாகும். இவ்வெண் முதன்மை எண்ணா என்ற வினா தீர்ந்த வரலாறு, அறிவு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைத் தெளிவுறுத்துவதால் அதனை ஈண்டு நோக்குவோம்.

இரண்டின் வலுவொன்றினும் ஒன்று குறைந்த எண் முதன்மையாயின் அதிலிருந்து ஒரு நிறைவெண் பிறக்கும் என்பதை யூக்கிளிட் நிறுவினார். தன்னிற் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண். 3 இலிருந்து 6 உம், 7 இலிருந்து 28 உம் அவ்வாறு பிறப்பன. பிரெஞ்சுத் துறவி மேர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலிலே 67ஆம் வலுவும் முதன்மை தருவதாகக் குறிக்கப்பட்டது. நிறுவல் தரப்படாத அக்கூற்று 232 ஆண்டுகள் மறுக்கப்படாது நின்றது.

1876இல் லூக்கா என்பார் அக்கூற்றைத் தகர்த்தார். அவரது முறை பின்னர் லெமரால் எளிமையாக்கப்பட்டது. 4இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் வர்க்கித்து 2ஐக் கழித்துச் செல்க: 4, 14, 194, 37634. ஐந்தாம் வலுவுக்குரிய 31, நான்காம் உறுப்பாகிய 37634ஐ மீதியின்றி வகுக்கின்றது. ஆகவே 31 முதன்மையாகும். நமது எண்ணோ அறுபத்தாறாம் உறுப்பை அவ்வாறு வகுப்பதில்லை. காரணிகளுள் ஒன்றேனும் அறியப்படாமலே அது பகுபடும் என்பது இவ்வாறு உறுதியாகின்றது. உண்டு என அறிதலும் யாது என அறிதலும் வேறுவேறான பணிகள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது பணியை 1903இல் அமெரிக்கரான கோல் நிறைவேற்றினார். அவர் கண்ட காரணிகள் 193,707,721 உம் 761,838,257,287 உம் ஆகும். கரும்பலகையில் ஒரு சொல்லும் பேசாது இவற்றைப் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் எனவும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டார் எனவும் ஒரு கதை வழங்குகின்றது. தனிமனித மேதைமையைப் போற்றும் இத்தகைய கதைகள், அம்மேதைமைக்கு அடித்தளமான கூட்டுழைப்பை மறைத்துவிடுகின்றன. இவ்வெண்ணின் காரணி எதுவும் 134இன் மடங்கினும் ஒன்று கூடியதாகவே இருக்கும். இவ்விதியின் மூலத்தைப் பேர்மா 1640இலேயே மேர்சென்னுக்கு எழுதியிருந்தார். கோலின் சிறிய காரணி, 134ஐ 1,445,580ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டியதே. மேலும், எட்டால் வகுக்கையில் 1 அல்லது 7 மீதி தருவனவே காரணியாகலாம் என்பதால் தேடற்களம் மீண்டும் பாதியாகின்றது. எனினும் வரிசையாகச் சோதிப்பின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கடக்கவேண்டும். இருபடி எச்சங்கள் பற்றி முன்னோர் உருவாக்கிய கோட்பாடே கோலுக்கு அச்சுமையைக் குறைத்தது.

இன்று கணனி இக்காரணிகளைக் கணப்பொழுதிற் தருகின்றது. அப்பொறியினுள்ளும் முன்னையோரின் உழைப்பே திரண்டுள்ளது. பெருமதிப்புடையோர் கூறினர் என்பதனால் மட்டும் ஒரு கூற்று உண்மையாவதில்லை. நூல்களின் காலத்தையும் ஆசிரியரையும் மரபுவழிச் செய்திகொண்டு துணியும் இலக்கிய ஆய்வாளராகிய நாமும் இவ்வெண்ணின் வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது இதுவேயாகும்.